பதினொரு யான்ஸ்களும் ஒரு கோடும்

தன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்த மனிதர், அடுத்தவருடைய குடும்பப் பெயருக்காக ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை ஏன் கொடுக்க வேண்டும்? லக்ஷ்மிநாராயணனை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்ததில்லை.

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். 1995இல் சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் ஊருக்கு போன் பேசப் போனபோது, 'யான்ஸ் எஸ்.டி.டி.' என்ற பலகையைப் பார்த்தார். பூத்துக்காரி ஜெஸ்ஸியிடம் அது என்ன பெயர் என்று விசாரித்தார்.

"டச்சுக்காரன் பேரு சார். எங்க தாத்தாவோட அப்பா வரிக்கும் தெரியும். அதுக்கு மேல யாரு இன்னான்னு ஒண்ணும் தெரியல. ஊர்ல கேட்டா கோட்டையப் பாத்து கை காட்றாங்க."

அதிலிருந்து ஆரம்பித்தது. அந்த ஊர் டச்சுக் கோட்டைக்கு வெளியே ஒருகாலத்தில் குடியிருந்த டச்சுக்காரர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்து ஓர் ஊர்க்காவல் படை இருந்திருக்கிறது. அதன் ஆள்பட்டியல்களை லீவு போட்டுப் போய் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பிடித்து, பெயர்களைப் பென்சிலால் எழுதி வந்தார். டச்சு மொழி தெரியாது, பெயர்கள் மட்டும் தெரிந்தன. யான்ஸ் என்று முடிகிற பெயர்கள் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரேசிங் தாளில் கறுப்பு மையால் அவர்களைத் தகப்பன், மகன், பேரன் என்று கோடிட்டு இணைத்தார். வரைந்துகொண்டே இருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே சவுக்குத்தோப்பு இரையும். துப்பாக்கியும் உப்புக் காற்றுமாக அந்தப் பதினொரு பேரும் மணலில் காலடி பதியாமல் நடந்து போவதுபோல் இருக்கும். அலுவலகத்தில் குழாய்களின் படம் வரைந்தபோது அவருக்கு அப்படி எதுவும் தோன்றியதில்லை.

2002 கிறிஸ்துமஸுக்கு மெல்போர்னிலிருந்து ஜெஸ்ஸியின் அண்ணன்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் கொடுக்கப் படத்தை நகல் எடுக்க வேண்டும்.

டிசம்பர் முதல் வாரம் மகள் சுஷ்மிதாவின் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். 'ல. சுஷ்மிதா'. பேனா நின்றது. தன் பெயரில் இருப்பது அப்பா ராமானுஜத்தின் 'ரா'. மகள் பெயரில் அவருடைய 'ல'. பட்டியல்களை எடுத்துப் பார்த்தார். அப்பன் பெயர் எழுதிய பத்தி ஒன்று கடைசிப் பட்டியலில் இருந்தது. பீட்டரின் மகன் பீட்டர்ஸ். யானின் மகன் யான்ஸ். வெறும் இன்ஷியல். தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிற பெயரை அவர் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டிருந்தார். வேறு வேறு யான்களுக்குப் பிறந்த பதினொரு பேர். ஒரே குடும்பத்தவர்கள் என்று சொல்ல ஆதாரமே இல்லை. பிறந்ததிலிருந்து இந்த வழக்கத்திலேயே இருந்தவருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டுவிடலாம். மெல்போர்னில் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? இரண்டு நாள் அப்படியே திரிந்தார். மூன்றாம் நாள் படத்தைச் சுருட்டிக்கொண்டு பூத்துக்குப் போனார்.

ஜெஸ்ஸி முழுக்கக் கேட்டாள். "அப்போ எங்க பாட்டனும் உங்க மாரி இன்ஷியல் பார்ட்டிதானா சார்? கடைசில ஒருத்தன் அத்த மாத்தாம அப்டியே வுட்டுட்டான், அதான் எங்க பேரா?"

"அப்படித்தான் தோணுதும்மா."

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தாளைப் பார்க்கவில்லை. "சுரண்டிடுங்க சார். அண்ணனுங்க கைல பொய்யக் குடுக்க வாணாம்."

காய்ந்த மை ரப்பரால் அழியாது. சட்டைப் பையிலிருந்து அரை பிளேடை எடுத்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு கோடாகச் சுரண்டினார். பெயர்கள் தனித்தனியாகத் தாளில் மிதந்தன. பத்துக் கோடுகள் போயின. பதினொன்றாவது, கடைசி யான்ஸிலிருந்து ஜெஸ்ஸியின் கொள்ளுத்தாத்தாவுக்கு இறங்குகிற கோடு. அதற்கும் ஆதாரம் கிடையாது. பிளேடை அதன்மேல் வைத்தார். எடுத்தார்.

"இது மட்டும் இன்னாத்துக்கு சார் வுட்டீங்க?"

அவர் பிளேடைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தாளைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் உயிரோடு இருந்தார். காரணம் சொல்லவில்லை.