புகை போகும் பக்கம்

என் கணவர் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்தபோது தெருவில் பாதிப்பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். துறைமுகத்தில் ஏதோ கட்டுமான வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற டீசல் கார் அது. அதற்குள் டர்போ என்று ஒன்று இருக்கிறது என்பதுதான் பெரிய கதை. வந்தவர்கள் எல்லாரும் முன்மூடியைத் திறந்து பார்த்து, ஒன்றும் விளங்காமலே தலையை ஆட்டி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். தேநீர் போட்டது நான்.

அப்போது நான் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கி, கலியாணமும் முடித்து, குசினி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியையாக எனக்கு நியமனம் வந்திருந்தது. அடுத்த தவணை தொடங்குமுன் போய்ப் பொறுப்பேற்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அங்கே போகும் கண்டி வீதியில் பஸ் ஓடத்தான் செய்தது. ஆனால் எங்கள் வீட்டு மருமகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகக்கூடாதாம்.

"லைசன்ஸ் எடும். எடுத்தால் காரைக் கொண்டு போம். நான் மறிக்கமாட்டன்," என்றார் கணவர்.

மறிக்கமாட்டேன் என்று தாமாகவே சொல்லும் ஆண்களிடம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. யாரிடமும் கேட்காமல் ஒரு முடிவை எடுத்துவிட்டு, அது எல்லாருடைய நன்மைக்கும்தான் என்று மனதார நம்புகிற ஆள். அப்படிப்பட்டவரோடு சண்டை பிடிக்கவும் ஏலாது.

கார் நிற்கும் போர்ட்டிக்கோவின் இடது பக்கத்தில், கணவரின் தாயார் என் மாமியின் அறை. கால் வீக்கத்தால் மாமி அதிகம் நடமாட மாட்டார். யன்னலோரக் கதிரையில் இருந்து தெருவையும், தெரு முடிவில் தெரியும் ஒரு துண்டுக் கடலையும் பார்த்துக்கொண்டிருப்பார். காரின் புகைக்குழாய் வாய் அந்த யன்னலைப் பார்த்தபடிதான் இருந்தது. ஒருநாள் காலை, "புகை மணக்குது," என்று மாமி சொன்னார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் காருக்கு அடியில் படுத்துவிட்டார்.

அவருக்குத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் ஏற்றும் பகுதியில் வேலை. குழாய் என்றால் அவருக்குத் தண்ணீர்க்குழாய்தான். சைலன்சருக்குப் பின்னால் இருந்த அகலமான குழாயை அறுத்தெடுத்தார். அந்த இடத்தில் ஒடுங்கிய தண்ணீர்க்குழாய் ஒன்றைப் பூட்டி, முழங்கைபோல மடியும் இணைப்புகள் வைத்து, அங்குமிங்கும் திருப்பி, புகையை வலது பக்கத்துக்குக் கொண்டுபோனார். வலது பக்கம் என் குசினி. அங்கே எவருக்கும் புகை மணக்கவில்லை.

"ஏன் இவ்வளவு ஒடுக்கமான குழாய்?" என்று கேட்டேன்.

"ஒடுக்கினால்தான் பிரஷர் வரும். ஹோஸ் வாயை விரலாலை பொத்திப் பாரும், எவ்வளவு தூரம் அடிக்குதெண்டு தெரியும்."

அன்றிலிருந்து கார் இழுவையை இழந்தது. தட்டையான வீதியில் ஒருவாறு போகும். உவர்மலை ஏற்றத்தில் பாதி வழியில் இருமி, கறுப்பாகக் கக்கி, நின்றுவிடும். பின்னேரங்களில் அவர் பக்கத்தில் இருந்து எனக்கு ஓட்டப் பழக்கினார். நிற்கும்போதெல்லாம், "நீர் கிளச்சை விடுறது பிழை," என்பார். கொஞ்சக் காலம் நானும் அதை நம்பினேன். முதல் லைசன்ஸ் சோதனையில் அதே ஏற்றத்தில் கார் நின்றுபோய், பின்னால் உருண்டு, நான் தவறிவிட்டேன். அவருக்கு அதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் குசினியில் சோறு வடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அது உறைத்தது. டர்போ என்பது இரண்டு சிறு சக்கரங்கள். எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒன்றைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கும் மற்றது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். சக்கரத்தைக் கடந்த புகை தாராளமாக வெளியே போனால்தான் அது வேகமாகச் சுற்றும். பின்னால் அடைத்தால் சக்கரம் சோம்பும், காற்றுக் குறையும், டீசல் அரைகுறையாக எரிந்து கறுக்கும்.

"முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பிரஷர் எண்டால் சக்கரம் ஏன் சுத்தோணும்? பின்பக்கம் லேசாய் விட்டால்தானே சுத்தும்?" என்று அவரிடம் சொன்னேன்.

"கப்பலுக்குத் தண்ணி அடிக்கிறவனுக்கு நீர் பிரஷர் படிப்பிக்கிறீரோ?" என்று சிரித்தார். "அதோடை, குழாயைத் திருப்பி வைச்சால் அம்மாவுக்குப் புகை."

எதைக் கேட்டாலும் அவர் பதிலில் அம்மா வந்து நிற்பார். வானொலியைச் சத்தமாக வைக்கக்கூடாது, அம்மா. பஸ்ஸில் போகக்கூடாது, அம்மா. மாமியின் மூக்குக்காக என் வாழ்க்கையையே மடித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தெருப் படலை பகலில் பூட்டப்படுவதில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் எனக்கு மூச்சு முட்டியது.

இரண்டாவது சோதனைக்கு முந்தின நாள், குழாய்களை இணைத்த பெரிய திருகில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன். விடிந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருடைய பைப் ரென்சை எடுத்துக் காருக்கு அடியில் போனேன். தண்ணீர்க்காரர் பூட்டிய பூட்டு. கழற்றுவதற்கும் வசதியாகத்தான் பூட்டியிருந்தார்.

அவர் வந்து ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. புகை நேரே மாமியின் யன்னலுக்குப் போனது.

"ஆர் இதைக் கழட்டினது?"

"நான்தான்."

"அம்மான்ரை அறைக்குள்ளை புகை போகுது! உமக்குக் கொஞ்சமாவது யோசினை இருக்கே?"

யன்னலுக்குள் இருந்து மாமியின் குரல் வந்தது. "டேய், நான் புகை மணக்குது எண்டுதான் சொன்னனான். குழாயை வெட்டச் சொன்னனானே?"

அவர் யன்னலைத் திரும்பிப் பார்த்தார். நானும்தான். மாமி யன்னலைச் சாத்திக் கொளுக்கியைப் போடும் சத்தம் கேட்டது.

அன்று உவர்மலை ஏற்றத்தின் நடுவில் சோதனை எடுத்த அதிகாரி நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எடுக்கச் சொன்னார். கிளச்சை எப்போதும் விடுவதுபோலவே விட்டேன். கார் முனகாமல் ஏறியது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது; வீதி தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

லைசன்ஸ் கிடைத்தது; மறிக்கமாட்டேன் என்று சொன்ன சொல்லைக் கணவரும் மாற்றவில்லை. பழைய அகலத்திலேயே குழாய் வைத்து, பழைய பக்கமே திருப்பி விட்டார். தவணை தொடங்கிய காலையில் காரில் ஏறப்போன நான், யன்னலடியில் நின்று, "உங்களுக்குத்தான் கரைச்சல், மாமி," என்றேன்.

"என்ன கரைச்சல்? நீ போனாப்பிறகு திறப்பன்." தெரு முடிவில் தெரிந்த கடலைக் கையால் காட்டினார். பிறகு சொன்னார்: "நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசிலை, கடற்கரைக்கு ஒருக்காப் போயிட்டு வரோணும் எண்டு உன்ரை மாமாவைக் கேட்டனான், பிள்ளை. அவர் மேசனைக் கூட்டிவந்து சுவரை இடிச்சு எனக்கு இந்த யன்னலை வைச்சுத் தந்தவர்."

சொல்லிவிட்டு யன்னலை இழுத்துச் சாத்திக் கொளுக்கியைப் போட்டார். நான் சாவியைத் திருப்பினேன்.