சிவப்பு நூல் கட்டிய கோப்பை

கிண்ணியாத் துறையில் படகுக்காக நின்றபோதுதான் செய்தி வந்தது. என் கையில் மகளின் கல்யாண அழைப்பிதழும் ஒரு பேணி தொதல் இனிப்பும் இருந்தன. இரண்டும் அருளம்மா மிஸிக்கு. பட்டினத்திலிருந்து வந்திறங்கிய மீன் வியாபாரி என்னைக் கண்டதும், "ரீச்சர், உங்கட மிஸி நேத்து மௌத்தாகிட்டா" என்றார்.

"ஆர் சொன்ன? நீங்க கண்ணால கண்டீங்களா?" என்று கேட்டேன்.

மரணச் செய்தியைக்கூட விசாரிக்காமல் நம்பாத பிறவி நான். "வாசல்ல வெள்ளைக் கொடி கட்டிக் கிடக்கு ரீச்சர்" என்றார் அந்த மனிதர், பாவம். அதன் பிறகுதான் படகில் ஏறினேன்.

மிஸியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸி என்போம். பட்டினத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளின் அறை பல வருடங்கள் அருளம்மா மிஸியின் பொறுப்பில் இருந்தது. என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து அந்த அறைக்குத்தான் போனாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். மின்குமிழ் எரியும் ஒரு பெட்டிக்குள், பஞ்சில் சுற்றிக் கிடந்தாள்.

அந்தக் காலத்தில் தாய்மாரை அப்படியான அறைக்குள் விடமாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் மிஸியோ மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி, பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள்.

"ஒரு துளி பால் விடுங்கோ. விழுங்கிறாளோ எண்டு பாருங்கோ. மூச்சு வந்தாப் பிறகு அடுத்த துளி" என்றார்கள்.

எனக்கு உடனே சந்தேகம். அன்று பார்க்க வந்த என் கணவரிடம், "தன்ட வேலைய எங்கட தலையில போடுறா, வேலைக்கள்ளி" என்று குசுகுசுத்தேன். அதோடு விட்டேனா? பிள்ளையை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் வேறு. மகளின் வலது காதுக்குப் பின்னால் கடுகளவு மச்சம் ஒன்று இருந்தது. தினமும் துளி விடுமுன் அதைத் தேடிப் பார்ப்பேன். இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

தாய்மார் பாலைக் கோப்பையில் எடுத்துக் கொடுப்போம். கோப்பைகள் மாறாமலிருக்க மிஸி ஒரு வழி வைத்திருந்தார்கள். அவரவர் சேலை ஓரத்தில் ஒரு நூலை உருவி, கோப்பையின் பிடியில் கட்டிவிடுவார்கள். என்னுடையது பச்சை.

பத்தாம் நாள் எனக்குக் கடுங்காய்ச்சல். மூன்று நாள் எழும்பவில்லை, பாலும் வற்றிவிட்டது. நான்காம் நாள் போனால், மகளின் பெட்டியருகே சிவப்பு நூல் கட்டிய கோப்பை இருக்கிறது!

"இது ஆர்ட பால், மிஸி?" நான் கத்தியே விட்டேன்.

"ஓம், குடுத்தனான். பிள்ளைக்குப் பசி. ஆற்ர பால் எண்டு இப்ப சொல்ல ஏலாது. தேவைப்படேக்குள்ள வந்து கேளுங்கோ, சொல்லுவன்."

சொல்ல ஏலாதாம்! அந்த ஒரு வார்த்தை பத்தொன்பது வருடம் என்னை அரித்தது. மகள் பிழைத்தாள், வளர்ந்தாள், படித்தாள். நான் மிஸிக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

பிறகு தோப்பூரிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் உம்மாவைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. அதே அறையில் அடுத்த பெட்டிப் பிள்ளையின் தாய்! அவருடைய நூல் சிவப்பாக இருந்திருந்தால்? ஒரு தாயின் பாலை ஐந்து தடவை பசியாறக் குடித்தால், அவள் பிள்ளைகள் எல்லாம் கூடப்பிறந்தவர்கள். எங்கள் மார்க்கத்தில் அந்தக் கல்யாணம் ஹராம். சம்பந்தக்காரியிடம் கேட்டால் கதை ஊரெல்லாம் பரவும். நேரே மிஸியின் வீட்டுக்குப் போனேன்.

ஓய்வு பெற்று, மெலிந்திருந்தார்கள். நான் கேட்டு முடிக்கவில்லை, அலுமாரியைத் திறந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்திலேயே பால் கொடுத்த தாயின் நூல் தைத்திருந்தது. தோப்பூர்ப் பிள்ளைக்கு நீலம் மட்டும். என் மகளுக்குப் பச்சை, அதன் கீழே சிவப்பு. "சல்லி கனகம், மூன்று நாள்" என்று எழுதியிருந்தது. சல்லி ஒரு கடற்கரைக் கிராமம்.

"உங்கட ஆக்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாள் தேவைப்படும் எண்டு தெரியும். கனகத்தின்ர பிள்ளை அந்த அறையிலதான் செத்தது. அவ நெஞ்சில பால் கட்டி அழுதா. பிள்ளை செத்தவளின்ர பால் எண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தா, நீங்கள் விட்டிருப்பியளோ?"

விட்டிருக்க மாட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பாருங்கள் என் புத்தியை! கல்யாணம் குழம்பக்கூடாது என்று மிஸி நேற்றுத்தான் தைத்து வைத்திருந்தால்? பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தேன். மிஸி சிரித்தார்கள். "நம்பேல்லையோ? சல்லிக்குப் போய் விசாரியுங்கோ."

போனேன். கனகம் வலைக்காரர் குடும்பம். கடற்கரையில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கிண்ணியா என்று சொன்னதும் கையை உதறிவிட்டு எழும்பினார்.

"காதுக்குப் பின்னால மச்சம் இருந்த பிள்ளைதானே? மிஸி என்னை இருத்தி, என்ர கையாலதான் துளி துளியா விட்டனான். இருக்கிறாளோ அம்மா?"

"இருக்கிறாள்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மச்சம் என்னைத் தவிர எவருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தேன்.

இதை மிஸியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் அன்று துறையில் நின்றேன். ஒரு நாள் பிந்திவிட்டேன்.

மரணவீட்டில் கனகம் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். மிஸியின் தங்கை என்னைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய் அந்தக் கொப்பியைத் தந்தார். "உங்களிட்டக் குடுக்கச் சொன்னவ."

என் மகளின் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு நூலுக்குக் கீழே, நடுங்கும் எழுத்தில் புதிதாக ஒரு வரி.

"தாய் வந்தா. சொன்னனான். நம்பேல்லை. விசாரிச்சுப் போட்டு வருவா."

தங்கையிடம் ஒரு பேனை வாங்கி, அதன் கீழே எழுதினேன்: "வந்துட்டன் மிஸி. நம்பிட்டன்."