மயிலுக்குப் பின்னால் மழை

அறுபதுகளின் கடைசியில் திருப்பூரில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பனியன் கம்பெனி முதலாளி, புதுக் கட்டடத்தின் முன்னறைக்கு விளக்கெரியும் மயில் வேண்டும் என்று கோயமுத்தூரிலிருந்து கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் ஷீட் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். நன்றாக வந்தால் கம்பெனியின் போர்டு வேலை முழுக்க எனக்கு. கெடுத்தால் பழையபடி பல்லடம் பஸ்களுக்குப் பெயர் எழுதப் போக வேண்டியதுதான்.

அந்த ஷீட் என்னைப் பைத்தியம் பிடிக்க வைத்தது. முதலில் ஓரத்தில் வெட்டிய ஒரு துண்டில் சோதித்தேன். அடி விளிம்பில் பல்பை வைத்தால் வெளிச்சம் உள்ளே போகும், நடுவில் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஊசியால் ஒரு கோடு கீறினால் அந்தக் கோட்டில் மட்டும் வந்து நிற்கும். ஏனென்று எனக்கு இன்றும் முழுசாகப் புரியவில்லை. கோட்டில் பெயிண்டை அடைத்தேன், வெளிச்சம் செத்துப்போனது. பல்புக்கு நீலக் கண்ணாடித்தாள் சுற்றினேன், துண்டில் கீறிய சின்ன மயில் கொண்டை முதல் கால்வரை ஒரே நீலம். கடைசியில் சாயப்பட்டறையில் ஒரு சிட்டிகை பச்சைச் சாயம் வாங்கி, மர பாலிஷில் கரைத்து, அந்தத் துண்டின் கீறலில் தடவினேன். தோகைக் கண் என்னையே பார்த்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் யாரிடமும் ஒழுங்காகப் பேசவில்லை.

பெரிய ஷீட்டைச் சுவரில் சாய்த்து, பின்புறத்தில் மயிலை இடவலம் மாற்றிக் கீறினேன். உதிர்ந்த தூளைத் தினமும் பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணியால் மேலிருந்து கீழாக அழுத்தித் துடைத்தேன். எங்கள் ஊரில் மிஷின், சைக்கிள், மூக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் முதன்முறையாக முழு ஷீட்டுக்கும் விளக்கைப் போட்டேன். மயில் எரிந்தது. பகலில் கண்ணுக்கே தெரியாத ஆயிரம் கீறல்களும் சேர்ந்து எரிந்தன. வேஸ்ட்டில் ஒட்டிய தூள், துடைத்த இடத்தையெல்லாம் கீறி வைத்திருந்தது.

அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த என் மனைவி அந்நேரம் உள்ளே வந்தாள். எதற்கு வந்தாய் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் ஷீட்டையே பார்த்தாள். துணியில் ஒற்றை இழை விட்டிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது.

"ஏனுங்க, எல்லாம் மேல இருந்து கீழதானுங்க ஓடுது. மழைன்னு வெச்சுக்கலாமில்லீங்களா?"

ஊசியை எடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் கீறல்களுக்கு நடுவே நீளமான தாரைகளை இழுத்து முடித்தேன்.

மறுநாள் காலை முதலாளிக்கு மயிலைவிட மழைதான் பிடித்துப்போனது. இது எப்படித் தோன்றியது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். செக்கிங் பெண்களோடு அவளும் எதிரில் நின்றிருந்தாள்.

"மொதல்லயே நெனச்சு வெச்சிருந்தனுங்க" என்றேன்.

போர்டு வேலை எனக்கே வந்தது. வீட்டுக்கு வந்தும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பேன்.