கட்டைவிரல் வைத்த கோடு

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அக்கா வாயால் கேட்டதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

அக்காவும் அவள் தம்பியும் சேர்ந்து ஒரு சர்க்யூட் போர்டு செய்துகொண்டிருந்தார்கள். துல்லியமாக நேரம் சொல்லும் போர்டு. கடையில் வாங்கினால் யானை விலை. இவர்களுடையது சில்லறைக் காசில் முடிந்துவிடும். உள்ளே மலிவான ஒரு கிரிஸ்டல். அதன் துடிப்பை வைத்துத்தான் நேரம். ஆனால் கொஞ்சம் சூடோ குளிரோ பட்டால் போதும், தறிகெட்டு ஓடும். வானத்துச் சாட்டிலைட்டிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு வரும். போர்டு அதைக் கேட்டு, கிரிஸ்டலின் காதைத் திருகி வழிக்குக் கொண்டுவரும். வழிக்கு வந்துவிட்டால் பச்சை விளக்கு, பக்கத்துத் திரையில் நேர்கோடு; விலகினால் சிவப்பு, கோடும் வளையும்.

தம்பிக்கு ஒரு குறும்பு. திரையில் கோடு நேராக ஓடத் தொடங்கியதும் கிரிஸ்டல் மேல் கட்டைவிரலை வைப்பான். விரல் சூட்டில் கோடு கீழே சரியும். "டேய், எடுடா கையை!" என்று அக்கா கத்துவாள். "சும்மா டெஸ்ட்டுக்குத்தான்க்கா" என்று இளிப்பான்.

அவனைத்தான் மழைக்காலத்தில் ஆறு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அதனாலேயே, அவன் செத்துவிட்டான் என்று சொல்ல அக்கா யாரையும் விடவில்லை. "நீச்சல் தெரிஞ்சவன். எங்கயாவது கரையேறியிருப்பான். வருவான்." வாசலில் அவன் செருப்பு அப்படியே கிடந்தது.

அவன் வரும்போது போர்டு ஓடவேண்டும் என்று தனியாகவே முடித்தாள். ஒரு மத்தியானம் பெட்டிக்குள் வைத்து, மூடியைத் திருகி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினாள். டிக்... டிக்... பச்சை எரிந்தது. கோடு நேராக ஓடியது.

பிறகு விலகியது. சிவப்பு.

டிக்... டிக்...

தானாகத் திரும்பியது. மறுபடியும் விலகியது. யாரோ விரலை வைத்து, எடுத்து, வைத்து...

அக்கா பெட்டிக்குக் கிட்டே போய்க் குனிந்தாள்.

"டேய்... நீயாடா?"

விலகியது.

"எடுடா கையை."

திரும்பியது.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் திரையில் பதிவானதைக் காட்டினாள். "பாருங்க. என் தம்பி எங்கயோ இருக்கான். நான் சொல்லல?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அவன் கை வெச்சா கோடு கீழதானம்மா போகும்?"

"ஆமா."

"இது மேல போயிருக்கே..."

அக்கா பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மேலேதான் போயிருந்தது. சூடு பட்டால் கீழே. மேலே போக, குளிர் பட்டிருக்க வேண்டும். ஜில்லென்ற விரல்.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"செத்துட்டான். என் தம்பி செத்துட்டான்" என்றாள். "இன்னும் தண்ணிக்குள்ளதான் கெடக்கான்."

போர்டு இப்போதும் ஓடுகிறது. பெட்டியை அவனுடைய பழைய ஸ்வெட்டரால் சுற்றி வைத்திருக்கிறாள். ஆனாலும் சில மத்தியானங்களில் கோடு மேலே போகிறது.