விமலசேன அங்கிளின் எஞ்சின்

அப்பாவின் கார் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது டக், டக், டக் என்று மூன்று தரம் அடித்து, ஒரு கணம் மூச்சைப் பிடித்து, அதன் பிறகுதான் நாலாவது ‘டக்’கை வெளியே விடும். வெள்ளவத்தையில் கடற்கரைத் தண்டவாளத்தை நோக்கி இறங்கும் அந்த ஒழுங்கையில் நாள் முழுவதும் ஏதாவது ஒரு வாகனம் வந்துபோகும் என்றாலும், அந்தப் பிடித்த மூச்சைக் கேட்டதும் கொப்பியை மூடிவிட்டு நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். எனக்கு எட்டு வயதாகும்வரை அந்தச் சத்தம் இருந்தது. பிறகு அது மாறியது. அது மாறியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை இத்தனை வருடம் யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை, சொன்னால் என்னுடைய பிழையும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

அப்பாவின் கார் ஒரு ‘மைனர்’, உருண்டை முதுகுப் பழைய ஆங்கிலேயக் கார். அப்பா பிறந்த அதே ஆண்டில் செய்யப்பட்டது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இரும்பை வைத்திருப்பது உப்புக்குத் தீனி போடுவது மாதிரி என்பதால், வேலையால் வந்தவுடன் சேட்டைக் கழற்றிவிட்டு, கதவுகளின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் துடைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் இன்னொரு தரம் துடைத்து, பழைய படுக்கை விரிப்பால் போர்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அம்மா அதை ‘மூத்தவன்’ என்பாள். “மூத்தவனைக் குளிப்பாட்டியாச்சோ? இனி இளையவளின்ரை கணக்குப் பாடத்தையும் ஒருக்காப் பாக்கலாமே” என்று குசினிக்குள் இருந்து குரல் வரும்.

மாதத்தின் முதல் ஞாயிறு தெஹிவளையில் விமலசேன அங்கிளின் வளவில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். கார்க்காரர்கள் என்றால் மூன்று பேர்தான்: அப்பா, விமலசேன அங்கிள், அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பரீட் அங்கிள். மூன்று பேரிடமும் மைனர்தான். ஒருவருக்கு ஒரு சாமான் தேவைப்பட்டால் மற்றவர் தன் காரிலிருந்தே கழற்றிக் கொடுத்துவிடுவார். ‘பிறகு மாத்துவம்’ என்பார்கள், அந்தப் பிறகு வந்ததே இல்லை. அதனால் எங்கள் காரின் முன் ஆசனம் பரீட் அங்கிளுடையதாக இருந்தது, எங்கள் பழைய ஆசனம் எங்கே இருந்தது என்று அப்பாவுக்கே நிச்சயமில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் பிந்தி ஒருவர் வராவிட்டால், அவருடைய கார் வழியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். மற்ற இருவரும் கயிற்றையும் ஸ்பானர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவர் வரும் வழியிலேயே தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். கைத்தொலைபேசி இல்லாத காலம் அது.

விமலசேன அங்கிளின் மகள் நிலாந்தி அக்காவின் கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவருடைய எஞ்சின் இறுகிப்போனது. மணப்பெண் அந்தக் காரில்தான் போக வேண்டும் என்று முழுக் குடும்பமும் ஆசைப்பட்டிருந்தது. அப்பா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, எங்கள் எஞ்சினை இறக்கி அவருடைய காரில் ஏற்றினார். கலியாணம் முடிந்து, அவர் தன் எஞ்சினைத் திருத்தி எடுத்தபோது, அதைத் தூக்கி எங்கள் காருக்குள் வைத்தார்கள். ஓடியது. ஆனால் மூச்சைப் பிடிக்கவில்லை, நாலு அடியும் ஒரே சீராக விழுந்தது. “இது எங்கட கார் இல்லை” என்று நான் அழுதேனாம்.

அம்மா காரின் பதிவுப் புத்தகத்தைப் பற்றி வேறு கேள்வி கேட்டாள். “லொக் புக்கிலை எஞ்சின் நம்பரை மாத்தினீங்களோ?”

“எப்பிடியும் திருப்பி மாத்துறதுதானே. ரெண்டு வேலை எதுக்கு?” என்றார் அப்பா.

சண்டைக் காலம் அது. காலி நகருக்குப் போகும் காலி வீதியில் எத்தனை ‘செக் பொயின்ற்’ என்று பள்ளிக்கூட வானுக்குள் இருந்து எண்ணிக்கொண்டு போவோம். வெளியே புறப்படும் ஒவ்வொரு தடவையும் அம்மா வாசலில் நின்று ஒப்புவிப்பாள்: “ஐடென்ரிற்றி இருக்கோ? பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கோ? லொக் புக் இருக்கோ?” கடைசியாக எனக்கு: “கேட்டாத்தான் வாய் திறக்கவேணும். கேட்டா பொய் சொல்லக்கூடாது.” நான் சொல்வழி கேட்கிற பிள்ளை.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, அப்படியொரு முதல் ஞாயிறு நானும் அப்பாவும் புறப்பட்டோம். அதற்கு முதல் நாள் நகரத்தில் ஏதோ நடந்திருந்தது. பிள்ளைகளுக்கு என்ன என்று சொல்ல மாட்டார்கள், வானொலியின் சத்தத்தைக் குறைப்பார்கள். தெஹிவளைக்குப் போகும் வழியில் காலி வீதிச் சோதனைச்சாவடியில் வழமையாக நிற்கும் இளைஞர்களுக்கு எங்கள் காரைத் தெரியும். “மேக்க தாமத் துவனவத, அங்கிள்?” இது இன்னும் ஓடுதா என்று பகிடி விட்டுக் கையை அசைத்து அனுப்புவார்கள். அன்று நின்றவர் புது அதிகாரி. பொனற்றைத் திறக்கச் சொன்னார். எஞ்சினில் பொறித்திருந்த எண்ணின் மேலிருந்த எண்ணெயை விரலால் வழித்துவிட்டுப் படித்தார். புத்தகத்தைப் பார்த்தார். திரும்பவும் எண்ணைப் பார்த்தார்.

கடைத்தெருவில் சிங்களம் தண்ணீராகப் பேசும் அப்பாவுக்கு அன்று சொற்கள் ஒன்றோடொன்று இடறின. அதிகாரி என் பக்கம் திரும்பி, எஞ்சினில் விரலை வைத்து, மெதுவாகத்தான் கேட்டார்: “துவ, மேக்க காகெத?” மகளே, இது யாருடையது?

“விமலசேன அங்கிள்கே”, அங்கிளுடையது, என்றேன்.

அவர் முன் ஆசனத்தைக் காட்டினார். “பரீட் அங்கிள்கே.” இடப்பக்க முன்விளக்கைக் காட்டினார். அதுவும் பரீட் அங்கிளுடையது என்றேன். எல்லாம் சரியாகச் சொல்கிறேன் என்ற பெருமையில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு நின்றார்.

யார் யாருடைய கார்களையோ பிரித்துச் சேர்த்த கார், அதை ஓட்டிவரும் தமிழர். வாகனங்களில் குண்டு வந்த அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அப்பாவின் அடையாள அட்டையை அதிகாரி தன் சட்டைப் பைக்குள் வைத்தார், மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவரை நிற்கச் சொன்னார், ஜீப் ஒன்றை அனுப்பும்படி கம்பியில்லாச் ‘செற்’றில் கதைத்தார். எங்கள் ஒழுங்கையில் ரியூசன் கொடுத்த மாஸ்டர் ஒருவரை இப்படித்தான் ‘சும்மா விசாரிக்க’க் கூட்டிப்போனார்கள், மூன்று மாதம் கழித்துப் பாதி உடம்போடு வந்தார். அப்பா என்னைப் பார்த்து, “பிள்ளை, காருக்குள்ளயே இரு. கண்ணாடியை ஏத்தாதை, வெக்கையா இருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

ஜீப் வருவதற்கு முன் வேறு இரண்டு கார்கள் வந்தன. முன்னால் வந்ததின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்: டக், டக், டக், பிடித்த மூச்சு, டக். பொனற் திறந்து கிடக்க எங்கள் கார் வீதியோரம் நின்றதைத் தவிர விமலசேன அங்கிளுக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. “மல்லி! ஆயெத் காபரேட்டர் எகத?” தம்பி, திரும்பவும் காபரேட்டரா என்று கத்திக்கொண்டே இறங்கினார். பின்னால் தோளில் கயிற்றோடு பரீட் அங்கிள்: “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்த ஜெட்டக் கழுவச் சொல்லி! இவரு கேட்டாத்தானே!” அப்புறம்தான் மணல் மூட்டையடியில் அப்பா நிற்பதைக் கண்டார்கள்.

அதிகாரி விஷயத்தைச் சொன்னார். விமலசேன அங்கிள் தன் நெற்றியில் ஒரு அடி அடித்துவிட்டு, ஓடிப்போய்த் தன் லொக் புக்கை எடுத்துவந்து, தன் காரின் பொனற்றைத் திறந்தார். எங்கள் புத்தகத்தின் எண் அவருடைய காரில் இருந்தது, அவருடைய புத்தகத்தின் எண் எங்கள் காரில் இருந்தது. அதிகாரி இரண்டு கார்களுக்கும் இடையில் நாலு தரம் நடந்தார். பிறகு, நான் சொன்னதைச் சரிபார்க்கிற மாதிரி, இடப்பக்க விளக்கைக் காட்டி இது யாருடையது என்றார். என்னுடையது என்றார் பரீட் அங்கிள். மணல் மூட்டையடியில் நின்ற அப்பா, அந்த நிலையிலும், “இல்லை, அது என்னுடையது” என்றார். விமலசேன அங்கிள் இரண்டு பேருமே பிழை என்றார். துவக்குத் தூக்கிய சிப்பாய்களின் நடுவே மூன்று பேரும் ஒரு விளக்குக்காகச் சிங்களத்தில் வாக்குவாதப்பட்டார்கள். களவெடுத்தவர்கள் இப்படிச் சண்டை பிடிக்க மாட்டார்கள் என்று அந்த அதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவருடைய வாய் ஒரு பக்கம் இழுபட்டது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கிழமைக்குள் புத்தகங்களைத் திருத்தச் சொன்னார், வந்த ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்.

அம்மா அழவில்லை, ஏசவும் இல்லை. மறுநாள் லீவு எடுத்து, இரண்டு லொக் புக்கையும் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவையும் விமலசேன அங்கிளையும் முன்னால் விட்டு, பதிவுக் கந்தோரில் வேலை முடியும்வரை மர வாங்கிலை விட்டு எழும்பாமல் இருந்தாள். “இனி உங்கட வண்டியிலை ஆரின்ரை தலையாவது இருக்கட்டும். ஆனால் அது புத்தகத்திலை இருக்கவேணும்” என்றாள். இப்படி எங்கள் எஞ்சின் சட்டப்படியே விமலசேன அங்கிளின் எஞ்சினாகிவிட்டது.

இப்போது விமலசேன அங்கிள் இல்லை, அம்மாவும் இல்லை. பரீட் அங்கிள் மகனோடு வெளிநாட்டில். ஒழுங்கையில் மாடிக்கட்டடங்கள் வந்து, கார் விட இடமில்லாமல் போனபோது எங்கள் மைனரைக் கண்டிக்காரர் ஒருவர் வாங்கிப்போனார். அப்பா என்னோடு இருக்கிறார். போன மாதம் நிலாந்தி அக்கா தகப்பனின் காரை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தார். என் மகனையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வருவதாகச் சொன்னார். அந்தக் காரில் பெல்ற் இல்லை, பின்கதவும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை. விடுவதா, வேண்டாமா என்று நான் வாசலில் நின்று நாலு தரம் மனம் மாறினேன். “கால் மணித்தியாலத்திலை வந்திடுவம்” என்றார் அப்பா.

பதினாறாவது நிமிடம் தொலைபேசி எடுத்தேன். அப்பாவின் தொலைபேசி மேசையிலேயே மணியடித்தது. இருபதாவது நிமிடம், குடையைக்கூட எடுக்காமல், அவர்கள் போன வழியே காலி வீதியில் நடக்கத் தொடங்கினேன். முன்பு சோதனைச்சாவடி இருந்த இடத்தில் இப்போது ஒரு கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், பொனற் திறந்தபடி, கார் நின்றது. மகனின் இரண்டு கையும் கறுப்பு. “அம்மா, ஜெட் அடைச்சுப்போச்சு!” என்றான், வேறு யாருக்கும் கிடைக்காத பரிசு கிடைத்தவன் போல.

பக்கத்தில் போய் நின்றதும், ஏனோ அப்போதுதான் கேட்கத் தோன்றியது. “அப்பா, அண்டைக்கு நான் வாய் திறந்திருக்கக்கூடாது, என்ன?”

அப்பா துணியால் கையைத் துடைத்தார். “நீ எல்லாம் சரியாத்தான் சொன்னனி. அந்த லைற் மட்டும்தான் பிழை. அது பரீட்டின்ரை இல்லை, எங்கடை.”

நிலாந்தி அக்கா உள்ளே ஏறினார். நானும் அப்பாவும் நடுவில் மகனுமாகப் பின்னால் நின்று தள்ளினோம். பத்தடி போயிருக்கும். டக், டக், டக் என்று அடித்து, அது மூச்சைப் பிடித்தது. நானும் பிடித்துக்கொண்டு நின்றேன்.