பதினொரு நாய்கள் நிலுவை

எங்கள் நகராட்சியில் நாய் பிடிக்கும் வேலை பார்த்தவரை ஊரே வலையண்ணன் என்றுதான் கூப்பிட்டது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இடது கையில் நான்கு கடித் தழும்புகள், வலது கெண்டைக்காலில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று நாய் கடித்ததல்ல, நாயின் சொந்தக்காரர் கடித்தது.

அவர் நாயைத் துரத்த மாட்டார். தெருவோரம் குந்தி உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஆள் அப்படி என்னத்தைப் பார்க்கிறான் என்று நாய் பக்கத்தில் வந்து, அதுவும் சுவரைப் பார்க்கும். அப்போது வலை விழும். ஊசி போட்டு, காதோரம் சிறு அடையாளம் வெட்டி, அதே தெருவில் இறக்கிவிடுவார். இந்த வகையில் ஒன்பது ஆண்டுகள் இரண்டு மாதங்கள் தற்காலிக ஊழியராகவே இருந்தார். வலை கிழிந்தால் அவர் மனைவி தைத்துக் கொடுப்பார். அவர் தையல்காரி. எந்தத் துணியின் நூல் மிச்சம் இருக்கிறதோ அந்த நிறத்தில் தைப்பதால், வலையில் பச்சையும் ஊதாவும் கலந்திருக்கும். தெருநாய்கள் அந்த வலையை அரைத் தெரு தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டதாக வலையண்ணன் குறைப்பட்டுக்கொள்வார்.

நான் வனத்துறை அலுவலகத்தில் பாலூட்டிகள் பதிவேட்டை எழுதிவந்தவன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுவட்டாரக் காட்டுவிலங்குகளைக் கணக்கெடுத்து, இனம், எண்ணிக்கை, வாழிடம் என்று மூன்று பத்திகளில் எழுதுவோம். அந்த ஆண்டு முப்பத்தெட்டு இனங்கள். புதர்க்காட்டில் முயல், கீரி, முள்ளம்பன்றி, மலைச்சரிவில் கடமான், காட்டுப்பன்றி, செந்நாய், நீர்த்தேக்கத்தில் நீர்நாய், பழைய கூரைகளில் வௌவாலும் மரநாயும். வழக்கம்போல ஒரு படியை நகராட்சிக்கு அனுப்பினோம். வழக்கம்போல அவர்கள் அதை அலமாரியில் வைத்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அங்கே புதிதாக ஓர் எழுத்தர் சேர்ந்திருந்தார். சுறுசுறுப்பானவர். ஊரில் பிடிக்க வேண்டிய நாய்களின் முழுப்பட்டியலை மேலிடம் கேட்டிருந்த நேரம். கையில் கிடைத்த தாள்களிலெல்லாம் நாய் என்று முடிகிற பெயர்களைப் பொறுக்கியெடுத்து ஒரு பட்டியல் போட்டார். நீர்நாய் நான்கு, மரநாய் இரண்டு, செந்நாய் ஐந்து. என் பதிவேட்டின் ‘வாழிடம்’ அவர் பட்டியலில் ‘விலாசம்’ ஆகியிருந்தது. சுகாதார அதிகாரி தொலைபேசியில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு படி மேலிடத்துக்கும், ஒரு படி வலையண்ணனுக்கும் போனது. ‘முப்பது நாளுக்குள் மேற்படி பதினொரு நாய்களையும் பிடித்துத் தடுப்பூசி போட வேண்டும். நிலுவை இல்லை என்ற சான்று கிடைத்த பிறகே பணி நிரந்தரம் பரிசீலிக்கப்படும்.’

அன்று மாலை தையல் இயந்திரத்தின் மேல் அந்தத் தாளை விரித்துவைத்துக் கணவனும் மனைவியும் படித்தார்களாம்.

“செந்நாய்னா செவலை நாயா இருக்கும். நீர்நாய் எதுங்க?”

“குளிக்கிற நாயோ என்னவோ.”

“அப்ப அது நம்ம ஊரு நாய் இல்லைங்க.”

மறுநாள் அவர் நீர்த்தேக்கத்துக்குப் போனார். மேற்கு மதகின் பாறை இடுக்கிலிருந்து நான்கு தலைகள் வெளியே வந்து, தண்ணீரில் செங்குத்தாக நின்று, அவரைப் பார்த்தன. அவர் தன் முறைப்படி குந்தி உட்கார்ந்து எதிர்க்கரையைப் பார்த்தார். அவையும் எதிர்க்கரையைப் பார்த்தன. வலையை வீசினார். வலையில் ஒரு கெண்டைமீன் வந்தது. நான்கில் பெரியது அருகே வந்து, வலைக்குள் வாயை விட்டு, அந்த மீனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அதன்பிறகுதான் என்னிடம் வந்தார். பட்டியலைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பெயரில் நாய் இருந்தாலும் இவை நாயல்ல, காட்டுவிலங்குகள். ஊசியோடு நெருங்குவதே சட்டப்படி தவறு என்று நகராட்சிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, அவருடனே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுகாதார அதிகாரி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டியலைத் திரும்பப் பெற்றால், படிக்காமல் கையெழுத்துப் போட்டது மேலிடத்துக்குத் தெரிந்துவிடும்.

“நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் அது நாய்தான் சார்” என்றார் என்னிடம். வலையண்ணனிடம், பிடிக்க முடியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித் தரச் சொன்னார்.

வலையண்ணன் காரணம் தேடிப் புறப்பட்டார். மலைச்சரிவில் இரண்டு நாள் அலைந்து, மூன்றாம் நாள் காலை ஒரு மரக்கிளையில் உட்கார்ந்தபடி ஐந்து செந்நாய்களையும் பார்த்தார். அவை ஒரு கடமானைத் தின்றுகொண்டிருந்தன. பிடிக்க வந்தவர் நான்கு மணி நேரம் கிளையிலேயே இருந்தார். வீட்டுக்கு வந்து, அவை குரைக்கவில்லை, விசில் அடிக்கின்றன என்று சொன்னாராம். “விசில் அடிச்சா நீங்க இறங்கியிருக்கணுமே” என்றாராம் மனைவி. அவர் தினமும் நகரப் பேருந்தில் போகிறவர்.

காரணம் அந்தக் கிளையில்தான் கிடைத்தது. எதிரே நகராட்சி எல்லைக்கல் தெரிந்தது. செந்நாய்கள் கல்லுக்கு அந்தப்பக்கம் இருந்தன. அவர் என் அலுவலக வரைபடத்தோடு அளவுநாடாவைக் கொண்டுபோய் அளந்தார். செந்நாய் எல்லைக்கு வெளியே அறுபத்தொரு மீட்டர். நீர்த்தேக்கம் குடிநீர் வாரியத்துக்குச் சொந்தம். ஆக ஒன்பது நாய்கள் ‘பிற துறையின் வரம்பில் வசிப்பவை’ என்று எழுத்துபூர்வமாகக் கழிந்தன. பாக்கி இரண்டு மரநாய்.

மரநாய்க்கு என் பதிவேட்டில் வாழிடம் தெளிவாகவே இருந்தது. நான்தான் எழுதினேன்: ‘நகராட்சி அலுவலகம், கோப்பறையின் மேற்கூரை.’

எல்லையைக் காட்டித் தப்ப வழியில்லை. கெடு முடிய ஆறு நாள். சுகாதார அதிகாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாகத் தன் தலைக்கு மேல் ஓடுவது எலி என்றே நினைத்திருந்தாராம். இரண்டைப் பிடித்துவிட்டால் மறுநாளே சான்று என்றார். நான் சட்டத்தைச் சொன்னேன். கூரை நகராட்சியுடையது என்றார்.

மரநாயைப் பிடிப்பது கஷ்டமே இல்லை. கூண்டுக்குள் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை வைத்து, அலுவலகம் மூடிய பிறகு பரணில் ஏற்றினார். ஆறரை மணிக்குக் கதவு விழுந்தது. ஏணியில் ஏறிப் பார்த்தார். கருப்பு முகமூடி போட்டது போன்ற மூஞ்சியுடன் தாய் உள்ளே இருந்தது. பழத்தை முடித்துவிட்டு அவரைப் பார்த்தது. பின்னால் பழைய கோப்புக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து மூன்று குட்டிகள் கத்தின.

ஏணியிலேயே எவ்வளவு நேரம் நின்றார் என்று பின்னால் கேட்டேன். கடிகாரம் பார்க்கவில்லை என்றார். பிறகு கூண்டைத் திறந்துவிட்டு, கீழே இறங்கி, அறிக்கை எழுதினார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது: ‘ஒன்றைப் பிடித்தேன். திறந்துவிட்டேன். பால் குடிக்கும் குட்டி மூன்று உள்ளது. ஆகவே நிலுவை இரண்டு அல்ல, ஐந்து என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதை அவர் மனைவியே என்னிடம் சொன்னார். “ஒம்பது வருஷம் நாய் படாத பாடு பட்டு, கடைசி நேரத்துல கதவைத் தொறந்துவிட்டுட்டு வந்து நிக்கிறாரு. திட்டலாம்னுதான் வாயைத் தொறந்தேன். குட்டி எம்மாம் பெருசு இருந்துச்சுன்னு கேட்டுட்டேன்.”

சுகாதார அதிகாரி அந்த அறிக்கையை முழுதாகப் படித்தார். படிக்காமல் அனுப்ப முடியாது. அலுவலகத் தலைமேலேயே ஐந்து நாய் நிலுவை என்றால் மேலிடம் நேரில் வந்துவிடும். வலையண்ணனை அழைத்து, இதை எப்படி ஐயா மேலே அனுப்புவது என்று கேட்டார். அப்போது நானும் இருந்தேன்.

“தெருநாய்னு இருந்தாத்தான் சார் என் கணக்கு. வளர்ப்பு நாய்னா உரிமம் குடுத்துட்டா போதும், நிலுவையில வராது.”

“யாரு வளர்க்கிறா?”

“கூரை நகராட்சியோடதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க.”

அதிகாரி கூரையைப் பார்த்தார். பிறகு உரிமப் படிவத்தைக் கேட்டார். பிராணியின் வகை: மரநாய். எண்ணிக்கை: ஐந்து. உரிமையாளர் என்ற இடத்தில் தன் பதவியை எழுதி, இரண்டுமுறை படித்துக் கையெழுத்திட்டார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக ‘நிலுவை இல்லை’ சான்று மேலிடத்துக்குப் போனது.

நிரந்தர ஆணை வர வேண்டியதுதான் பாக்கி. இதற்கிடையில் என் பதிவேட்டில் மரநாய் இரண்டு என்றே இருந்தது. திருத்துவதென்றால் நான் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஒரு சாயங்காலம் இருவரும் ஏணி வைத்து ஏறினோம். பெரியது இரண்டு. குட்டி ஒன்று, இரண்டு, மூன்று. கோப்புக் கட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். நான்கு.

உரிமம் ஐந்துக்குத்தான். வலையண்ணன் ஏணியில் எனக்குக் கீழ்ப்படியில் நின்றபடி என் முகத்தையே பார்த்தார்.

“சார், அந்த ஆறாவது இன்னும் பொறக்கலைன்னு வெச்சுக்கலாமா?”

அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்றேன். கண்ணுக்கு முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்து, இரண்டை அடித்து, பக்கத்தில் ஆறு என்று எழுதினேன். பென்சிலால் எழுதினேன். பத்தொன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை, அவருக்கு ஆணை வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்தப் பென்சில் எழுத்தின்மேல் மை போட்டேன்.