இடது தோள்

அந்த மந்திரப் பள்ளிக்கூடத்தின் கதையை ஆறு தடித்த பாகங்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் பாகத்தில், முற்றுகை அத்தியாயத்தில், இப்படி ஒரு வரி வரும்: 'பயிற்சிக் கூடத்து ஆள் கீழே விழுந்தான்.' அவ்வளவுதான். ஏன் விழுந்தான், விழுந்தவன் எழுந்தானா, அவனுக்குக் குடும்பம் குட்டி உண்டா என்று எழுதியவருக்கு அக்கறையில்லை. படித்தவர்களுக்கோ அடுத்த வரிக்குப் போகிற அவசரம். அங்கேதான் கதாநாயகன் கூரையிலிருந்து குதிக்கிறான்.

விழுந்தவருக்கு மூட்டை என்று பெயர். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்தார்கள். வைக்கோல் திணித்த கித்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்து நடுவில் நின்றால் மூட்டை மாதிரி இருப்பார். பிள்ளைகளுக்கு மூட்டையண்ணன். சண்டை வாத்தியாருக்கு வெறும் மூட்டை.

வேலை, அடி வாங்குவது. காலை எட்டு மணிக்கு மணியடித்ததும் கூடத்துக்குப் போக வேண்டும். வரிசையாகப் பிள்ளைகள் கோலைத் தூக்கி மந்திரம் ஏவுவார்கள். உயிருள்ள ஆள் மீது ஏவிப் பழகாவிட்டால் கை நடுங்கும் என்பது வாத்தியாரின் சித்தாந்தம். அதற்கு முன்பு மூட்டையண்ணன் மாவு மில்லில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பள்ளிக்கு மாவு இறக்க வந்தவர், மாடிப்படியில் இரண்டு மூட்டையோடு தலைகுப்புற உருண்டு, கீழே வந்து உடம்பைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றார். வாத்தியார் பார்த்துவிட்டார். போன வாரம்தான் பழைய ஆளுக்கு முதுகெலும்பு முறிந்திருந்தது. அன்றைக்கே வேலை. கூடவே தங்க ஓர் அறை, மனைவிக்குச் சலவைக் கூடத்தில் இடம்.

சேர்ந்த முதல் மாதத்தில் இரண்டு பல் போயிற்று. வலது சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கி அப்படியே நின்றுவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு பெரிய வகுப்புப் பையன் அடிவயிற்றில் ஏவினான். இரண்டு நாள் மூத்திரத்தில் ரத்தம் போயிற்று.

சலவையக்கா, அதாவது அவர் மனைவி, அந்த வாரமே கோணி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கித்தான் சட்டையின் இடது தோளில் பழைய செருப்புத் தோலை ஏழு மடிப்பாக வைத்துத் தைத்தார்.

"இனிமே இங்க மட்டும் வாங்கிக்கங்க. வேற எங்கயும் வாங்காதீங்க."

"ஏன்டி, அடி என்ன தபால்காரனா, சொன்ன விலாசத்துக்கு வர்றதுக்கு?"

"வர வைங்க. அத்தன பெரிய உடம்ப வச்சிக்கிட்டு இதுகூடத் தெரியலேன்னா எப்படி?"

அவர் வர வைத்தார். வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி, மார்பை அரையங்குலம் திருப்பினால் போதும், கடை வாசலில் தொங்குகிற வாழைத்தார் மாதிரி இடது தோள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். பிள்ளைகளின் கை தானாக அங்கே போகும். தலை, மார்பு, முழங்கால் என்று வாத்தியார் கத்திக்கொண்டிருப்பார். அடி மட்டும் தோளில் விழும். நாலைந்து பாடத்தில் கைக்கு அது பழகிவிடும். பழகின கையைப் பிறகு பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர் அப்படிப் பழகி வெளியே போனார்கள்.

"பாத்தியா மூட்டை, நம்ம பிள்ளைங்க குறிய? ஊசி முனை!" என்பார் வாத்தியார்.

"எல்லாம் உங்க கைராசிங்கய்யா."

அந்தக் கூடத்துக்கு ஒரு விதி உண்டு. எதிராளி விழுந்ததும் கோலைத் தாழ்த்த வேண்டும். தலை குனிய வேண்டும். இடது கையை நீட்டி, எழுந்திருங்கள் என்று சொல்லித் தூக்கிவிட வேண்டும். மறந்தவனுக்குப் பிரம்படி, மதிப்பெண்ணும் கிடையாது. அதனால் வாசலில் கால் துடைப்பதுபோல அது எல்லோருக்கும் உடம்பில் ஊறியிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது முறை மூட்டையண்ணன் விழுவார். நாற்பது பிஞ்சுக் கைகள் நீளும். "எந்திரிங்கண்ணே." அவருக்கு அந்த வேலையில் பிடித்தது அது ஒன்றுதான்.

தோளுக்கு அடங்காதவன் ஒரே ஒருத்தன் இருந்தான். ஒல்லிப் பையன். பயந்தால் விக்கல் வரும். எப்போதும் பயந்தான், எப்போதும் விக்கினான். விக்கல் என்றே பெயர் நிலைத்தது. அவன் ஏவினால் ஜன்னல் உடையும், விளக்கு உடையும், ஒரு தடவை வாத்தியாரின் தொப்பி தீப்பிடித்தது. தோளை எத்தனை காட்டினாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் ஏவும்போது கண்ணை மூடிக்கொள்வான். வருஷத் தேர்வில் மந்திரம் ஒரு சாண் தள்ளிப் போனது. மூட்டையண்ணன் "ஐயோ அம்மா" என்று தொபுக்கடீர் என விழுந்தார். வாத்தியார் தும்மிக்கொண்டிருந்த நேரம். பையன் தேறிவிட்டான்.

கை கொடுத்துத் தூக்கும்போது விக்கல் காதோரம் கேட்டான்: "பொய்யாத்தானே விழுந்தீங்க?"

"யார்றா சொன்னா? எலும்பெல்லாம் மாவாப் போச்சு."

பையன் சிரித்தான். மூன்று வருஷமும் அப்படியே விழுந்து விழுந்து அவனைத் தேற்றினார். நாலாம் வருஷம், தன்னைக் கேலி செய்த ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தபோது விக்கல் அவன் கழுத்தை நெரித்தான். பள்ளி அவனைத் துரத்தியது. துரத்தப்பட்டவர்களும் கோபித்துக்கொண்டு போனவர்களும் சேர்ந்து ஒரு கூட்டம் உருவானபோது அவனும் அதில் இருக்கிறான் என்று பேச்சு வந்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஆளைக் கொல்கிறானாம். யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

முற்றுகை நடந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. சலவை நாள். முன்வாசலில் அந்தக் கூட்டம் வந்து நின்றதும் வாத்தியார்களும் பெரிய வகுப்புகளும் அங்கே ஓடினார்கள். கதாநாயகனும் அங்கேதான். முதல் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேரையும் சலவைக் கூடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். சலவையக்கா அழுக்குப் படுக்கைத் துணிக் கூடைகளைக் கவிழ்த்து, ஒவ்வொரு கூடைக்குள்ளும் இரண்டு பேராகத் திணித்தார். மிஞ்சின ஒருத்தியை மேசைக்கு அடியில் தள்ளி மேலே துணியைப் போட்டார்.

"நாத்தம் அடிக்குதுக்கா."

"உன் விரிப்புதான்டி. வாயை மூடு."

கூட்டத்துக்கு வேண்டியது அந்தப் பதினோரு பேர்தான். பிள்ளைகளைக் கையில் பிடித்துவிட்டால் முன்வாசல் தானாகத் திறக்கும். சலவைத் தண்ணீர் வெளியே போகிற பெரிய சாக்கடை வழியாக மூன்று பேர் பின்முற்றத்தில் ஏறி வந்தார்கள்.

சலவைக் கூடத்துக்குப் போகும் நடை ஒடுக்கமானது, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. அதன் நடுவில் மூட்டையண்ணன் நின்றார். உடம்பில் கித்தான் சட்டை. கையில், கொதிக்கிற கொப்பரையில் துணி கிளறும் கட்டை, ஆள் உயரம். மந்திரம் ஒன்றும் தெரியாது. பின்னால் கொப்பரை குமுறிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவன் கழுத்தே இல்லாத தடியன். முகம் மறந்திருந்தது. கோலைத் தூக்கியபோது மணிக்கட்டு அடையாளம் தெரிந்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய வகுப்பு, கடைசி வரிசை. மூட்டையண்ணன் வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி மார்பைத் திருப்பினார். அடி தோளில் விழுந்தது. தோல் கருகி நாறியது. ஒரு மந்திரம் ஏவினால் அடுத்ததற்கு ஒரு மூச்சு இழுத்தாக வேண்டும். அந்த மூச்சின் நீளம் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்தில் இல்லை. இரண்டு எட்டு வைத்துக் கட்டையின் நுனியால் வாயில் குத்தினார். சோளக் கதிரை உதிர்த்ததுபோல் பல் கொட்டியது. அடுத்த அடி முழங்காலில். மூன்றாவது அடியில் தடியன் சுவரோடு சரிந்து, தன் பற்களைத் தரையில் தேடுகிறவன்போலக் கவிழ்ந்தான்.

அவனைத் தாண்டிக் குதித்தவள் நீளச் சடைக்காரி. அவளும் தோளில்தான் அடித்தாள். இரண்டாம் முறையும் தோளில். மடிப்பு மடிப்பாகத் தோல் எரிந்து போயிற்று. மூட்டையண்ணன் அவள் முழங்கையில் கட்டையை இறக்கினார். எலும்பு வெள்ளையாக வெளியே எட்டிப் பார்த்தது. கோல் விழுந்தது, ஆனால் அவள் விழவில்லை. மற்றக் கையால் கத்தியை உருவி அவர் தொடையில் சொருகித் திருகினாள்.

"குனிங்க!" என்று சலவையக்காவின் குரல் கேட்டது. குனிந்தார். ஒரு வாளி கொதிக்கிற சலவைக்காரத் தண்ணீர் தலைக்கு மேலே பறந்து சடைக்காரியின் முகத்தில் போய் அறைந்தது. அவள் போட்ட கூச்சலில் கூடைக்குள் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது.

மூன்றாமவன் அந்த அழுகையைக் கேட்டபடி நடைக்குள் நடந்து வந்தான். தாடி வைத்திருந்தான். அவசரமே இல்லை.

"விலகுங்கண்ணே."

"அட, நீயா?"

"உங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன். பசங்க மட்டும் போதும்."

"பசங்கள என்ன பண்ணுவே?"

"கதவு திறந்தா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"திறக்கலேன்னா?"

விக்கல் பதில் சொல்ல வாயைத் திறந்தான். விக்கியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னான்: "பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு."

மூட்டையண்ணன் தொடையிலிருந்த கத்தியோடு நேராக நின்றார். வேறென்ன தெரியும் அவருக்கு? வலது கையை உயர்த்தினார், மார்பைத் திருப்பினார், எரிந்த தோளைக் காட்டினார். ஆனால் இவன் தோளில் பழகியவனில்லை. கண்ணை மூடவும் இல்லை. அடி நேராக மார்பில் இறங்கியது. விலா எலும்புகள் காய்ந்த சுள்ளி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக முறிந்த சத்தத்தை அவரே கேட்டார். சுவரில் மோதிக் கீழே விழுந்தார். வாயிலிருந்து ரத்தம் நுரையோடு வந்தது. இந்தப் பையன் கையால் முதல் தடவையாக நிஜமாக விழுந்தார். புத்தகத்தில் இருக்கிற வரி இதுதான்.

புத்தகத்தில் இல்லாதது அடுத்த கணம். விழுந்தவரைப் பார்த்ததும் விக்கலின் கோல் தானாகத் தாழ்ந்தது. தலை குனிந்தது. இடது கை நீண்டது.

"எந்திரிங்கண்ணே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. முகத்தில் ஒரு திகைப்பு, பிறகு சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று. மூட்டையண்ணன் அந்தக் கையைப் பிடித்தார். மாவு மூட்டை தூக்கின பிடி. பிடித்து, உடம்பின் கனத்தையெல்லாம் சேர்த்துக் கீழே இழுத்தார். விக்கல் மண்டியிட்டான். கோலைத் தூக்கப் பார்த்தான். அதற்குள் சலவையக்கா தரையில் கிடந்த கட்டையை எடுத்து அவன் பிடரியில் அடித்தார். ஈரக் கம்பளியை அடித்துத் துவைக்கிற அடி. இரண்டாவது அடியில் விக்கல் நின்றது. அவர் நிறுத்தவில்லை. மூட்டையண்ணனும் அந்தக் கை கனக்கும்வரை விடவில்லை.

நாற்பது நாள் அவர் வைத்தியக் கூடத்தில் கிடந்தார். பள்ளி தப்பியது. அவ்வளவு பெரிய சண்டையில் செத்தவர்கள் இருபது பேருக்குள்தான். கதாநாயகன் வானத்தில் விரித்த ஒளிக்குடைதான் காரணம் என்று ஆறாம் பாகம் சொல்கிறது. ஒரு நாள் மத்தியானம் சலவையக்கா கூடை நிறையச் சட்டைகளைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினார்.

"நூத்தி நாப்பது உருப்படி துவைச்சேன். ஓட்டை எங்க இருக்குன்னு பாருங்க."

அவர் ஒன்றொன்றாக விரித்துப் பார்த்தார். இடது தோள். இடது தோள். அடுத்ததும் அதுவே.

"அத்தனையும் மார்ல பட்டிருந்தா இன்னைக்கு நான் துணியா துவைச்சிருப்பேன்? வெட்டியானுக்கு ஒத்தாசையா குழி வெட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

"இது நம்ம ஆளுங்க சட்டையா, அவங்க சட்டையா?"

"சட்டைக்கு ஏதுங்க கட்சி? ரெண்டும்தான். உங்க பயந்தாங்கொள்ளித்தனம் நூறு பேரைக் காப்பாத்தியிருக்கு, போங்க."

சிரித்தார். விலா உயிரை எடுத்தது. சிரிப்பு அடங்கியதும் மெல்லக் கேட்டார்: "அவன் சட்டை?"

சலவையக்கா ஒரு சட்டையை மடித்தார், மறுபடி பிரித்து மடித்தார். "அதைத் துவைக்கல. அடுப்புல போட்டுட்டேன்."

புது வருஷம் பிறந்து கூடம் திறந்தது. எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. ஆனாலும் புதுத் தோல் வைத்துத் தைத்த சட்டையோடு எட்டு மணிக்குப் போய் நின்றார். முதலாவதாக வந்தவள், மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த சின்னப் பெண். ஏவினாள். தோளில் பட்டது. விழுந்தார். அவள் கோலைத் தாழ்த்தினாள், தலை குனிந்தாள், இடது கையை நீட்டினாள்.

"எந்திரிங்கண்ணே."

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கூடம் காத்திருந்தது.

"கையைப் பிடி மூட்டை, மார்க்கு போடணும்ல," என்றார் வாத்தியார்.

"கோல் எங்கம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"தாழ்த்தியிருக்கேண்ணே."

"தூக்கிப் பிடி."

"விதி அப்படி இல்லையே" என்று வாத்தியார் எழுந்தார். மூட்டையண்ணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தூக்கிப் பிடிம்மா. என் மாருக்கு நேரா."

அவள் வாத்தியாரைப் பார்த்தாள், மூட்டையண்ணனைப் பார்த்தாள். கோலைத் தூக்கி அவர் மார்புக்கு நேராகப் பிடித்தாள். அதன் பிறகுதான் அவர் கையைக் கொடுத்தார்.